நோட்டீஸில் என் பெயரை அடித்துவிடு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய நோட்டீஸ் நேற்றுக் காலைத் தபாலில் வந்து சேர்ந்தது. மஞ்சள் காகிதம், சிவப்பு எழுத்து. தபால்காரர் தானும் படித்து, வழியில் காப்பிக் கடையில் நாலு பேருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். வேலூரில் மூன்று நாள் சங்கீத விழா, கோட்டைக்கு எதிரே பெரிய பந்தல், தினமும் மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி என்று படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குக் கீழே, மூன்றாம் நாள் கச்சேரியின் நடுவில் சால்வை போர்த்திக் கௌரவிக்கப்படுபவர் என்று என் பெயரைப் பார்த்தேன். நிறைந்த நெஞ்சு அப்படியே அடைத்துக்கொண்டது. இது மாதிரி நோட்டீஸ்தான், இனிமேல்தான் மொத்தமாக அச்சடிக்கப் போகிறோம், பிழை இருந்தால் எழுதுங்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாய். பிழை இருக்கிறது, கண்ணு. ஒரே ஒரு பிழைதான். சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் அதை ஒரு கார்டில் எழுதி முடித்திருப்பேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

முதலில் உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் நன்றி சொல்லிவிடுகிறேன், பிறகு என் வண்டவாளத்துக்கு வருகிறேன். போன மாசியில் உன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தபோது வேலூர் என்னைத் திக்குமுக்காட வைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டை மைதானத்தில் போலீஸ் பாண்டு. செவ்வாய்க்கிழமை நாடகக் கொட்டகையில் ஆர்மோனியக்காரரும் ராஜபார்ட்டும் யார் குரல் தெருக்கோடி வரை போகிறது என்று போட்டி போட்டார்கள். வியாழனன்று மேல்விஷாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் கவ்வாலி என்று என்னை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனாய். அங்கே பாடியவர் ஒரே அடியைப் பதினைந்து விதமாகப் பாடியதும், பக்கத்திலிருந்த வயசாளி 'வாஹ், வாஹ்' என்று என் தொடையைத் தட்டித் தட்டிச் சிவக்க வைத்ததும் இன்னும் மறக்கவில்லை. சனிக்கிழமை உங்கள் சங்கத்தில் பிடில் கச்சேரி. நான் உன் வயசில் இருந்தபோது வருஷத்துக்கு ஒரு கச்சேரி கேட்டவனை அதிர்ஷ்டக்காரன் என்போம். உன் ஊரில் எந்தக் கச்சேரிக்குப் போகாமல் இருப்பது என்றல்லவா யோசிக்கவேண்டியிருக்கிறது!

மெட்ராசிலிருந்து பெங்களூருக்கும் மைசூருக்கும் போகிற வித்வான்கள் எல்லாரும் காட்பாடியைத் தாண்டித்தான் போகவேண்டும். மாலையும் கையுமாக பிளாட்பாரத்தில் நின்று, 'ஒரு நாள் இறங்கிப் பாடிவிட்டுப் போங்கள்' என்று அவர்களை மறிப்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தொழிலாகவே ஆகிவிட்டது. இது வழிப்பறி என்று நான் கேலி செய்தேன். நீ சிரித்துக்கொண்டே, 'ஆம்பூர்ல உங்க முதலாளிதானே இத ஆரம்பிச்சி வெச்சாரு' என்றாய். உண்மைதான். அந்த முதல் வழிப்பறியைப் பற்றித்தான் இப்போது சொல்லவேண்டியிருக்கிறது.

அதற்கு முன் இரண்டு வார்த்தை புத்தி சொல்லிக்கொள்கிறேன். அப்பன் எழுதுகிற கடிதத்தில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி? பாட்டுக்கு முன்னால் சொற்பொழிவு வைக்காதே. வைத்தே ஆகவேண்டும் என்றால், பேசுகிறவருக்குப் பசிக்கிற நேரமாகப் பார்த்து வை. பாடுகிறவரை ஊரே கவனிக்கும். மிருதங்கக்காரர் சாப்பிட்டாரா என்று நீ போய்ப் பார். புதிதாக வந்திருக்கும் மைக்கை நம்பிவிடாதே, அது பாதியில் இருமத் தொடங்கினால் வித்வான் முகம் போகிற போக்கு நல்லதில்லை. முக்கியமாக, உன் பந்தலில் கயிறு கட்டாமல் இருக்கிறாயே, அதை எந்தப் பெரிய மனிதர் வந்து சொன்னாலும் மாற்றாதே. எங்கள் காலத்தில் பந்தலுக்கு நடுவே கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்கு முன்னால் கமிட்டிக்காரர்களும் வியாபாரிகளும். பின்னால் குமாஸ்தாக்கள், மேஸ்திரிகள். தோல் கிடங்கில் உப்பிலும் சுண்ணாம்பிலும் நிற்கிற ஜனத்துக்குக் கயிற்றுக்குப் பின்னாலும் இடம் கிடையாது. பந்தலைச் சுற்றி அடைத்த ஓலைத் தட்டிக்கு வெளியே நின்று கேட்கலாம், அதுவும் காற்று அந்தப் பக்கம் அடித்தால். நான் அந்த ஜனத்தில் பிறந்தவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்ததால் மேஸ்திரியாகி, கயிறு வரைக்கும் வந்தவன். வந்த பிறகு தட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று நடந்ததை நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய். ஐந்து வயசில் அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது உனக்கு. 'அப்பா மிருதங்கம் கட்டின கதை' என்று நீதான் பேர் வைத்தாய். சொல்லச் சொல்ல நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவனாகிக்கொண்டே வந்தேன். கடைசியில் வித்வானே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகக்கூடச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். நான் சொல்லிக்கொண்டிருப்பேன், உன் அம்மா பேசாமல் உன் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பாள். இப்போது நடந்தது நடந்தபடி கேள்.

சித்திரை மாதம். பெங்களூர் போகிற வழியில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய பாடகர் ஒருவரை எங்கள் முதலாளி சாயபு ஆம்பூரில் இறங்க வைத்துவிட்டார். சாயபு வியாபாரத்தில் இரும்பு, பாட்டென்றால் வெண்ணெய். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் வியாபாரிகளுக்கெல்லாம் ஆள் அனுப்பியிருந்தார். ஆம்பூரில் அதுவரை அப்படி ஒரு கச்சேரி நடந்ததே இல்லை. பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் காலை வண்டியில் வந்து இறங்கினார்கள். இறக்கும்போது மேல்தட்டிலிருந்த டிரங்குப் பெட்டி சரிந்து மிருதங்கத்தின் மேல் விழுந்தது. இடது பக்கத் தோல், இடந்தலை என்பார்கள், நடுவில் கிழிந்துவிட்டது. கூட இருந்த இன்னொரு மிருதங்கம் பாடகர் சுருதிக்குச் சேராது. 'மிருதங்கம் இல்லாமல் நான் பாடுவதில்லை. ஒன்றும் தப்பில்லை, அடுத்த வண்டிக்குப் புறப்படுகிறோம்' என்று பாடகர் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

சாயபு விடுவாரா? "அரே, இன்னா சாமி பேஜார் பண்றீங்க! தோல் ஊருக்கு வந்து தோல் கிழிஞ்சிபோச்சின்னு யாராச்சும் திரும்பிப் போவாங்களா? நம்ம மேஸ்திரி கீறான். அஞ்சு மணிக்குள்ள புதுசா கட்டிக் குடுப்பான், நீங்க படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று என் தோளில் கையைப் போட்டார். அத்தனை பேர் முன்னால். எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. செலக்ஷன் மேஸ்திரி, அதாவது பதமாகி வந்த தோலை விரலால் தடவி முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கிறவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆடு எது, செம்மறி எது என்று சொல்லிவிடுவேன் என்று பெயர். மிருதங்கத்தைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன்.

என்ன செய்தேன் தெரியுமா? சீமைக்குப் போகக் கட்டி வைத்திருந்த சரக்கிலிருந்து, ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமான முதல் தரத் தோலை உருவினேன். பட்டுத் துணி தோற்றுப்போகும், அப்படி ஒரு வெள்ளாட்டுத் தோல். செருப்புத் தைக்கிற ஆளைக் கூப்பிட்டு அளவெடுத்து, அறுத்து, வார் கோத்து, மத்தியானம் ஒரு மணிக்குக் கட்டி முடித்தோம். நாதம் கனப்பதற்காக ரவையைப் பிசைந்து நடுவில் அப்பி, எல்லாரும் சுற்றி நிற்க, ஒரு தட்டு தட்டினேன்.

'தொப்' என்றது. ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி. இன்னும் இழுத்துக் கட்டினோம். 'தொப்.' செருப்புத் தைக்கிறவர் என் முகத்தைப் பார்க்காமல் ஊசியைப் பெட்டியில் போட்டுக்கொண்டார். தோலில் பிறந்து தோலில் வளர்ந்தவனுக்கு அது தெரியவில்லை பார், பதம் போட்ட தோல் பாடாது! மிருதங்கத்துக்கும் மேளத்துக்கும் பதம் போடாத பச்சைத் தோல்தான் வேண்டும். நான் வேஷ்டி அழுக்காகாமல் பதத் தோல் அறையிலேயே உட்கார்ந்திருந்தவன். பச்சைத் தோல் கொட்டகையில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நுழைவேன்.

அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். உப்பு வெந்து கையெல்லாம் வெடிப்பு. மிருதங்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி, செருப்பு தெக்கிறியா, மத்தளம் கட்றியா?"

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு இன்னா தெரியும்? வேலயப் பாரு போ" என்றேன்.

"எங்கப்பன் மேளம் கட்றவன். நான் இந்தாண்ட புடிச்சி இழுக்கலன்னா அவனுக்கு வாரே ஏறாது. பதம் போட்ட தோல் காலுக்குத்தான்யா. அத அவுத்துட்டுக் குடு, பாக்கலாம்."

வேறு வழியில்லாமல் கொடுத்தேன். கிராமத்திலிருந்து காய்ந்து வந்த பச்சைத் தோல் கட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஓர் இளம் ஆட்டுத் தோலைப் பிடித்தாள். தொட்டியில் ஊறப்போட்டாள். முடியைச் சுரண்டினாள், வட்டமாக அறுத்தாள், மிருதங்கத்தைக் கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாரை இழுத்தாள். வார் விரலை அறுத்தது. பல்லால் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். பிறகு வெயிலில் காய்ந்த பாறைமேல் வைத்து, அப்பளம் காயப்போடுகிறவள் மாதிரி திருப்பித் திருப்பி வைத்தாள். சித்திரை வெயிலில் தோல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கத்து வெயிலைத் திட்டாத மனிதனே கிடையாது. நான் அன்றிலிருந்து திட்டுவதில்லை, நீயே கவனித்திருப்பாய். நாலரை மணிக்கு ரவையை அப்பித் தட்டினாள். 'தொம்' என்று வந்த நாதம் என் அடிவயிற்றில் கேட்டது. "எடுத்துக்கினு ஓடு, இன்னும் இன்னா பாத்துக்கினு கீற" என்றாள். ஓடினேன். ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை.

கச்சேரி தொடங்கியது. எனக்குக் கயிற்றுக்கு முன்னால், கமிட்டிக்காரர்களோடு நாற்காலி. நடுவில் பாட்டை நிறுத்தி, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற நேரம் வந்தது. மிருதங்க வித்வான் ஆரம்பிப்பதற்கு முன் இடந்தலையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சபையைப் பார்த்தார். "எனக்கு இப்படி ஒரு தோல் தஞ்சாவூரிலேயே அமையவில்லை. இதைக் கட்டினது யாரு?" என்று கேட்டார். சாயபு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, "நான்தாங்க" என்றேன். பாடகர் தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டார்.

இருபத்தைந்து வருஷமாக எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். கொட்டகைப் பெண் ஒருத்தி கட்டினாள் என்று சொல்லியிருந்தால் வித்வான் மிருதங்கத்திலிருந்து கையை எடுத்துவிட்டிருப்பாரோ, கச்சேரி நின்றிருக்குமோ என்று பயந்தேன், அதனால்தான் சொன்னேன் என்று. அது பொய். எனக்கு அந்தச் சால்வை வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

கட்டினவள் யார் என்று நீ இந்நேரம் ஊகித்திருப்பாய். மறு வருஷம் அவள் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனேன். பாதி ஆசை, பாதி குற்ற உணர்ச்சி. உன் அம்மா சம்மதித்தாள். கச்சேரியில் நான் சொன்னதை அவளிடம் சொல்லவே இல்லை. சால்வை சாயபு கொடுத்தது என்று சொல்லி வைத்தேன். பிறகு நீ பிறந்து, கதை கேட்கத் தொடங்கினாய். நானே கட்டினதாக அவள் எதிரிலேயே சொன்னபோதும், பிள்ளைக்குச் சொல்கிற கதைதானே என்று அவள் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நாடகக் கம்பெனி வண்டி பின்னாலேயே வேலூருக்குப் போனாயே, அன்று உன்னைக் கட்டிவைத்து அடித்தேன். 'பாட்டு கேக்கப் போனதுக்கா அடிக்கிற?' என்று உன் அம்மா குறுக்கே விழுந்து ஓர் அடியைத் தானும் வாங்கிக்கொண்டாள். அதற்கு நான் அவளிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. இப்போது இருவரிடமும் கேட்கிறேன். உனக்கு இந்தச் சங்கீதப் பைத்தியம் என்னிடமிருந்து வந்தது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனும் நான்தான்.

அன்று மிருதங்கம் வாசித்த அதே வித்வான் தள்ளாத வயசில் உன் விழாவுக்கு மூன்றாம் நாள் வாசிக்க ஒப்புக்கொண்டதையும், 'ஆம்பூர்ல ஒரு பிள்ளை கட்டிக் குடுத்தானே, இருக்கானா?' என்று அவர் காட்பாடி பிளாட்பாரத்தில் உன்னிடம் விசாரித்ததையும் எழுதியிருக்கிறாய். 'அவர் என் அப்பாதான்' என்று நீ மார்தட்டிக்கொண்டு சொன்னாயாம். மகனே, அந்த மனிதர் முன்னால் இன்னொரு தடவை நின்று அதே பொய்யை என்னால் சொல்ல முடியாது. நீ மேடையில் நிற்கும்போது முடியவே முடியாது. ஆகையால் நோட்டீஸில் என் பெயரை அடித்துவிடு. உன் அம்மா பெயரைப் போடு.

நேற்று ராத்திரி இதுவரை எழுதிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் எழுந்ததும், இதுவும் அதே திருட்டுத்தானே என்று பட்டது. அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தேன். 'நான்தாங்க' வருகிற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். அவள் கை நிற்கவே இல்லை.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"முடிஞ்சிது."

"மூணாவது பாட்ட பாதியில நிறுத்திட்டு பாடினவரு பால் வாங்கிக் குடிச்சாரே, அத உட்டுட்டியே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தட்டிக்கு அந்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். ஓலைய கொஞ்சம் வெலக்கிக்கினா எல்லாந்தான் தெரியும். பாட்டும் கேட்டுச்சு, நீ எழுந்து நின்னு சொன்னதுங்கூடக் கேட்டுச்சு."

இருபத்தைந்து வருஷம்! நான் கதை சொன்ன ஒவ்வொரு ராத்திரியும் அவள் தெரிந்துதான் குழம்பு ஊற்றியிருக்கிறாள். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கோவம் வந்துச்சு. உள்ள பூந்து நாலு வார்த்த கேக்கலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள மத்தளக்காரரு தனியா வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு. அத உட்டுட்டு உன்னாண்ட சண்ட போட்டுக்கினு இருக்கணுமா?"

"என் மானத்தைக் காப்பாத்திக் குடுத்த. அதுக்கு நான் பண்ணின கைம்மாறு இது" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் சிரித்துவிட்டாள். "உன் மானமா? உன்ன யாருக்குய்யா அப்ப தெரியும்? மத்தளம் இல்லன்னா பாட மாட்டாராம்னு கொட்டாயில பேசிக்கினாங்க. பந்தல் போட்ட நாள்லருந்து அந்தக் கச்சேரிக்கோசரம் காத்துக்கினு கெடந்தவ நானு. எனக்குப் பாட்டு கேக்கணும். அதான் கட்னேன்."

இத்தனை காலம் நான் அவளுக்குப் பட்ட கடன் என்று நினைத்துக்கொண்டிருந்தது வேறு; உண்மையில் பட்டிருப்பது வேறு. அக்காள் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு காவேரிப்பாக்கத்துக்குத் திருவிழாக் கச்சேரி நாளாகப் பார்த்து அவள் ஏன் வருஷா வருஷம் போனாள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. உன் வேலூர்ப் பந்தலும் கச்சேரிகளும் எங்கிருந்து முளைத்தன என்றும் தெரிகிறது. நான் பீற்றிக்கொண்டதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உனக்கு இப்படி ஓர் அம்மாவும் எனக்கு இப்படி ஒரு மனைவியும் வாய்த்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல? அவளுக்கே சொன்னேன். நேரே, வாய்விட்டு. "செரி, செரி, கீரைய எடுத்துக் குடு" என்றாள்.

'உன் பெயரைப் போடச் சொல்லி எழுதியிருக்கிறேனே, உனக்குக் கூச்சமாக இருந்தால் பெயர் இல்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்தாலே போதும்' என்று அவளிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன். கீரையை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எனக்கு இன்னா கூச்சம்? எங்க, எழுதிக் காட்டு" என்றாள்.

கன்னியம்மாள், ஆம்பூர் என்று எழுதிக் காட்டினேன். உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் காகிதத்தை வாங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு உன் நோட்டீஸைப் பிரித்து, எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் இருந்த பாடகர் பெயரைத் தொட்டு, "இந்தத் தண்டி போடச் சொல்லு" என்றாள்.

உன் அப்பா